மரபணு மாற்றிப் பிறந்த இரட்டையர்... ஹாங்காங் அரங்கை உலுக்கிய சிறப்பு அமர்வு!

மருத்துவ அறிவியல் மாநாடு எப்படி நடக்கும் என்பது நமக்குத் தெரியும். ஒருவர் ஸ்லைடு காட்டிப் பேசுவார், இரண்டு பேர் கேள்வி கேட்பார்கள், எல்லோரும் காபி குடிக்கப் போய்விடுவார்கள். 2018 நவம்பர் 28 அன்று ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் நடந்த அமர்வு வேறு மாதிரி. அரங்கம் நிரம்பி வழிந்தது. பத்திரிகையாளர்களும் கேமராக்களும் சூழ்ந்திருந்தன. கூச்சல் எழுந்தால் அமர்வை நிறுத்திவிடுவேன் என்று நெறியாளர் ராபின் லொவெல்-பேட்ஜ் முன்கூட்டியே எச்சரித்தார். பிறகு பேச்சாளரை அழைத்தார். சில நொடிகள் யாரும் வரவில்லை. அதன் பிறகுதான் ஹெ ஜியான்குயி மேடைக்கு வந்தார். வயது 34.

மனித மரபணுத் திருத்தம் குறித்த இரண்டாவது சர்வதேச மாநாடு அது. ஷென்ஜென் நகரின் பல்கலைக்கழகம் ஒன்றில் பேராசிரியராக இருந்த ஹெ, அங்கே பேசுவதாக முன்பே திட்டம் இருந்தது. ஆனால், அவர் ஏற்கெனவே அனுப்பியிருந்த ஸ்லைடுகளில் குழந்தைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்று லொவெல்-பேட்ஜ் மேடையிலேயே சொன்னார். மாநாட்டுக்குச் சில நாள்கள் முன்புதான், கிரிஸ்பர் தொழில்நுட்பத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெனிஃபர் டௌட்னாவுக்கு, குழந்தைகள் பிறந்துவிட்டன என்று ஹெ மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். நவம்பர் 25 அன்று செய்தி வெளியே கசிய, அவர் யூடியூபில் வீடியோவே போட்டுவிட்டார். லூலு, நானா என்ற புனைபெயர்களோடு இரட்டைப் பெண் குழந்தைகள். கருவாக இருந்தபோதே அவர்களின் மரபணு திருத்தப்பட்டிருந்தது. உலகில் அதுவே முதல் முறை.

ஹெ என்னதான் செய்தார்? எச்.ஐ.வி வைரஸ் நம் வெள்ளை அணுக்களுக்குள் நுழைய சி.சி.ஆர்-5 என்ற புரதத்தைக் கதவாகப் பயன்படுத்துகிறது. வட ஐரோப்பியர்களில் சிலருக்கு இந்தக் கதவு பிறவியிலேயே கிடையாது. அவர்களை எச்.ஐ.வி தொற்றுவது மிகவும் அரிது. அதே கதவைக் கருவிலேயே கிரிஸ்பர் கத்தரிக்கோலால் நறுக்கிவிடலாம் என்பதுதான் ஹெயின் திட்டம். கணவருக்கு எச்.ஐ.வி இருந்து மனைவிக்கு இல்லாத எட்டுத் தம்பதியர் சேர்ந்தார்கள். ஒரு தம்பதி பாதியிலேயே விலகிவிட்டது.

பேச்சு முடிந்ததும் கேள்விகள் வரிசை கட்டின. ஹார்வர்டு விஞ்ஞானி டேவிட் லியூவின் கேள்விதான் மையமானது: இதற்கான தேவை என்ன? தந்தைக்கு எச்.ஐ.வி இருந்தாலும் விந்தணுவைக் கழுவிச் சுத்தப்படுத்தி, தொற்றில்லாத குழந்தையைப் பெற முடியும். அந்த முறை பல ஆண்டுகளாகவே இருக்கிறது. ஹெயின் சோதனையிலும் அது செய்யப்பட்டது. அப்படியென்றால், மரபணுவில் கைவைத்தது எதற்காக? ஹெ நேரடியாகப் பதில் சொல்லவில்லை. எய்ட்ஸ் பரவிய ஒரு கிராமத்தில், தொற்றிவிடுமோ என்ற பயத்தில் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை உறவினர் வீடுகளில் வளர்க்கக் கொடுத்த கதையைச் சொன்னார். அந்த வேதனை உண்மைதான். ஆனால், கேட்ட கேள்விக்கு அது பதிலாகாது.

ஒப்புதல் வாங்கியது எப்படி என்று கேட்டார்கள். சுமார் ஒரு மணி பத்து நிமிடம் தானே விளக்கியதாகச் சொன்னார். தம்பதியர் கையெழுத்திட்ட படிவத்திலோ அது எய்ட்ஸ் தடுப்பூசித் திட்டம் என்று எழுதியிருந்தது! வேறு யாராவது கருவுற்றிருக்கிறார்களா என்றதற்குத் தயங்கித் தயங்கி, இன்னொருவர் என்றார். உங்கள் சொந்தக் குழந்தையாக இருந்தால் செய்வீர்களா என்ற கேள்விக்கு மட்டும் தயக்கமில்லை. என் குழந்தைக்குத்தான் முதலில் செய்வேன் என்றார்.

ஹெ காட்டிய தரவுகளே அவருக்கு எதிராகப் பேசின. நானாவின் இரண்டு மரபணுப் பிரதிகளும் மாறியிருந்தன. லூலுவுக்கோ ஒரு பிரதியில் 15 எழுத்துகள் மட்டும் போயிருந்தன, மற்றது அப்படியே இருந்தது. அதாவது, அவளுக்கு அந்தக் கதவு பாதியாவது திறந்தே இருக்கிறது. இரண்டு குழந்தைகளிடமும் உண்டான மாற்றம், ஐரோப்பியர்களிடம் இயற்கையாகக் காணப்படும் மாற்றமே இல்லை. போதாக்குறைக்கு, சி.சி.ஆர்-5 இல்லாதவர்களை வெஸ்ட் நைல் வைரஸ் கடுமையாகத் தாக்கக்கூடும் என்பது முன்பே தெரிந்த விஷயம். நோயே இல்லாத இரண்டு கருக்களுக்கு வைத்தியம் என்ற பெயரில் நடந்தது இதுதான்.

ஹெக்குப் பிறகு எழுந்தவர் மாநாட்டுத் தலைவர் டேவிட் பால்ட்டிமோர், நோபல் பரிசு பெற்றவர். மரபணு ஆய்வுக்கு விஞ்ஞானிகளே கட்டுப்பாடு விதித்துக்கொண்ட 1975-ம் ஆண்டு அசிலோமர் மாநாட்டை நடத்தியவர்களில் ஒருவர். இது பொறுப்பற்ற செயல், விஞ்ஞானிகளின் சுயகட்டுப்பாடு தோற்றுவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். மறுநாளும் பேசவேண்டிய ஹெ, அரங்குக்கு வரவே இல்லை. 2019 டிசம்பரில் ஷென்ஜென் நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்தது. மூன்றாவது குழந்தை பிறந்ததும் அந்த வழக்கில்தான் உறுதியானது. 2022-ல் அவர் விடுதலையானார். குழந்தைகளின் அடையாளம் இன்றுவரை ரகசியம். அதுவாவது சரியாக நடந்தது.

அடுத்த மாநாடு 2023 மார்ச்சில், லண்டனில். அங்கேயும் ஒரு குரலை எல்லோரும் கவனித்துக் கேட்டார்கள். பேசியவர் விஞ்ஞானி அல்ல, நோயாளி. அமெரிக்காவின் மிசிசிப்பியைச் சேர்ந்த விக்டோரியா கிரே, அரிவாள் செல் ரத்தசோகையால் சிறு வயது முதலே வலியில் துடித்தவர். 2019-ல் அவருடைய எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, அதே கிரிஸ்பரால் திருத்தி, மீண்டும் உடலில் செலுத்தினார்கள். வலி விலகியது. இந்த மாற்றம் அவருடைய ரத்தத்தோடு நின்றுவிடும், பிள்ளைகளுக்குப் போகாது. சம்மதம் சொன்னதும் அவரேதான். லூலுவுக்கும் நானாவுக்கும் அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.

இந்தச் சிகிச்சைக்கு 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. அமெரிக்காவில் அப்போது அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர், அன்றைய நம் கணக்கில் ஏறத்தாழ 18 கோடி ரூபாய். இந்தியாவில் அரிவாள் செல் நோய் 1952-ல் முதன்முதலாகப் பதிவானது நம் நீலகிரி மலைப் பழங்குடிகளிடம்தான். அங்கே குடும்பங்களுக்கு எட்டும் தூரத்தில் இப்போது இருப்பவை ரத்தப் பரிசோதனையும் ஹைட்ராக்சியூரியா மாத்திரையும்.