துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த பிறகு

ஹேர்ணியா ஒப்பரேசன் செய்தவரை இப்போதெல்லாம் வார்ட்டில் அதிகம் வைத்திருப்பதில்லை. வேறு வருத்தம் ஒன்றும் இல்லையென்றால் ஓரிரு நாளில் துண்டு வெட்டி அனுப்பிவிடுவார்கள். மந்திகையில் இருக்கும் பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையிலிருந்து ஓட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து இறங்கிய நேரத்தில்தான் இரண்டாவது வைத்தியம் தொடங்கும். பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு மருந்தும் ஒரு தடையும் இருக்கும். "ஆடாமல் அசையாமல் கிடவுங்கோ" என்பது அதில் முதலாவது. எங்கள் பக்கத்து வீடுகளில் நான் காண்பது இதுதான்: முதல் வாரம் நோயாளியைக் கண்ணாடிப் பாத்திரமாய் நடத்துவார்கள், நான்காம் வாரம் நோவில்லை என்றதும் அதே ஆளை வள்ளம் தள்ள விடுவார்கள். இரண்டும் பிழை.

ஏன் பிழை என்று புரிய, உள்ளே என்ன நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். வயிற்றுச் சுவரில் பலவீனமான ஓர் இடத்தால் குடலோ கொழுப்போ வெளியே பிதுங்குவதே ஹேர்ணியா எனும் குடலிறக்கம். அதிகம் வருவது கவட்டுப் பக்கத்தில். வைத்தியர் பிதுங்கியதை உள்ளே தள்ளி, பலவீனமான இடத்தின் மேல் ஒரு செயற்கை வலைத் துண்டை வைத்துத் தைக்கிறார். அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் லிக்டன்ஸ்ரைன் 1989இல் விவரித்த இந்த முறைதான் இன்று உலகமெங்கும் பரவலாகச் செய்யப்படுகிறது. வலை வைத்த அன்றே சுவர் பலமாகிவிடுவதில்லை. வலையின் கண்களுக்குள்ளால் உங்கள் சொந்த நாரிழையம் வளர்ந்து பின்ன வேண்டும். அதற்கு வாரங்கள் வேண்டும். வெளிக்காயம் பத்து நாளில் ஆறிவிடும், உள்வேலை அப்போதும் பாதியில்தான் நிற்கும்.

"உள்ளுக்குப் பிளாஸ்ரிக் வைச்சுப்போட்டாங்கள்" என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. மகாராஷ்டிராவின் தோண்டாயிச்சா என்ற சிற்றூரில் டொக்டர் தொங்காவ்கர், விலையுயர்ந்த வலைக்குப் பதிலாக, கிருமி நீக்கிய நுளம்புவலைத் துணியையே வைத்துத் தைத்து 2003இல் அதைப் பற்றி எழுதினார். பிறகு உகண்டாவில் 302 ஆண்களிடம் மலிவு வலையையும் விலையுயர்ந்த வலையையும் ஒப்பிட்டார்கள். 2016இல் வெளிவந்த முடிவு, இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதே. உடல் இந்த வலையை நன்றாகவே ஏற்றுக்கொள்கிறது.

படுக்கையில் கிடத்தும் பழக்கம் வெறும் ஊர்ப் பழக்கமல்ல, அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் பேர்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர் ஹால்ஸ்ரெட் தன் ஹேர்ணியா நோயாளிகளை 21 நாள் படுக்க வைத்தார். ரொறன்ரோவில் 1945இல் டொக்டர் ஷோல்டைஸ் தொடங்கிய ஆஸ்பத்திரி அதற்கு நேரெதிர். அங்கே நோயாளி ஒப்பரேசன் மேசையிலிருந்து இறங்கி நடந்தே போவார். காலம் ஷோல்டைஸின் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2018இல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டி, இயல்பான வேலைகளை உடல் ஒத்துக்கொள்கிற அளவில் மூன்று முதல் ஐந்து நாளிலேயே தொடங்கலாம் என்கிறது. கிடையாய்க் கிடந்தால் காலில் இரத்தம் உறையலாம், சளி கட்டலாம், மலம் இறுகலாம்.

ஆகவே முதல் நாளே வீட்டுக்குள் நடவுங்கள். பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் முற்றத்தில் நாலு சுற்று, அடுத்த நாள் ஒழுங்கை முடிவு வரை. பாயில் படுப்பவர்கள் இரண்டு வாரத்துக்குக் கட்டிலுக்கு மாறுவது நல்லது. நிலத்திலிருந்து எழும்புவதுதான் வயிற்றை அதிகம் இழுக்கும். கட்டிலிலிருந்தும் நேரே நிமிர்ந்து எழ வேண்டாம். ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழும்புங்கள். இருமலோ தும்மலோ வந்தால் ஒரு சின்னத் தலையணையைக் காயத்தின் மேல் அமர்த்திப் பிடியுங்கள். சுருட்டுப் பிடிப்பவருக்கு இருமல் ஓயாது; அவருடைய தையலுக்கு ஓய்வே கிடையாது. சுருட்டைக் கைவிட இதைவிட நல்ல தருணம் வராது.

நோவைப் பொறுத்துக்கொண்டு கிடப்பதில் வீரம் இல்லை. நோவிருந்தால் நடக்க மாட்டீர்கள், ஆழ்ந்து மூச்செடுக்க மாட்டீர்கள். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளில் எட்டுக்கு மேற்படாமல். மெலிந்தவர்களுக்கும் ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கும் இன்னும் குறைவு. வேறு பெயரில் வாங்கும் தடிமன் குளிசையிலும் பரசிற்றமோல் இருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டைக்குளோபெனக் போன்றவற்றை வைத்தியர் எழுதித் தந்தால் மட்டும் சாப்பாட்டுக்குப் பின் எடுக்கலாம். சிறுநீரக வருத்தமோ, குடற்புண்ணோ, ஆஸ்துமாவோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மாரி காலத்தில் காய்ச்சல் வந்தால் அது காயத்தால் மட்டுமல்ல, டெங்குவாலும் வரலாம். அப்போது டைக்குளோபெனக்கைத் தொடவே கூடாது.

இனி வெட்கப்படுகிற விஷயம். கவட்டு ஹேர்ணியா செய்த ஆண்களுக்கு விதைப்பையும் அதைச் சுற்றிய இடமும் வீங்கி, இரண்டு மூன்று நாளில் கத்தரிக்காய் நிறத்துக்கு வரக்கூடும். கசிந்த இரத்தம் கீழே இறங்கித் தங்குவதால் வருவது அது. பலர் இதைக் கண்டு நடுங்குகிறார்கள், ஆனால் மனைவியிடமும் சொல்ல மாட்டார்கள், மகனிடமும் சொல்ல மாட்டார்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானாக வற்றிவிடும். இறுக்கமான உள்ளாடை போட்டுத் தாங்கலாய் வைத்திருந்தால் சுகம். சாரத்தோடு மட்டும் திரிவதைச் சில நாள் ஒதுக்கி வையுங்கள். ஹேர்ணியா இருந்த அதே இடத்தில் நீர் கோத்து மெதுவாய் ஒரு புடைப்பும் வரலாம், "திரும்ப வந்திட்டுது" என்று மனம் விட வேண்டாம், கிளினிக்கில் காட்டினால் போதும். தழும்பின் கீழ் கயிறு போல ஒரு தடிப்பும் சுற்றி மரத்த உணர்வும் மாதக்கணக்கில் இருக்கலாம். ஆண்களில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் வாழ்நாளில் கவட்டு ஹேர்ணியாவைக் காண்கிறார். வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது?

ஆனால் சலம் போகாமல் வயிறு முட்டினால் காத்திருக்கக் கூடாது. முதுகில் ஊசி போட்டு விறைக்கச் செய்த பிறகு, அதுவும் புரொஸ்ரேற் வீங்கிய வயதானவர்களுக்கு, இது நடப்பதுண்டு. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதே ஊசியால் சிலருக்கு, எழுந்து இருக்கும்போது கூடி, படுத்தால் குறைகிற தலையிடி வரும். அதையும் சொல்ல வேண்டும்.

தையலுக்குப் பெரிய எதிரி முக்குவது. இங்கேதான் பத்தியம் குறுக்கே வருகிறது. இறால், நண்டு, கணவாய், கத்தரிக்காய், அன்னாசி எல்லாம் கிரந்தி என்று ஒதுக்கி, ஒரு கிழமைக்கு வெறும் சோறும் இரசமும், அதுவும் தண்ணீர் குறைவாய்க் கொடுத்தால், சில நோவுக் குளிசைகளும் சேர்ந்து மலத்தைக் கல்லாக்கிவிடும். உங்களுக்கு ஒவ்வாமை இல்லாத எந்த உணவும் காயத்தைப் புழுக்கச் செய்யாது. புண் ஆறப் புரதம் வேண்டும். மீன், முட்டை, பருப்பு, பயறு தாராளமாய்ச் சாப்பிடுங்கள். பத்தியக்கறியில் எனக்கு விரோதமில்லை. சின்ன மீனும் மிளகும் உள்ளியும் போட்ட அந்தக் கறி ருசியானது, புரதமும் உள்ளது. அதோடு முருங்கை இலை, பொன்னாங்காணி, குரக்கன் பிட்டு, பப்பாப்பழம், வாழைப்பழம், நிறையத் தண்ணீர் என்று சேர்த்தால் போதும். பருத்தித்துறை வடையைக் கொறிப்பதும் தடையில்லை, அது நார்ச்சத்து ஆகாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். மூன்று நாளாகியும் வயிறு இளகாவிட்டால் மலமிளக்கி கேட்டு வாங்குங்கள். குந்தும் மலசலகூடம் கூடாதென்றில்லை. எழும்பும்போது பிடிக்க ஒரு கம்பியோ கதிரையோ பக்கத்தில் இருக்கட்டும்.

காயத்தை முதல் இரண்டு நாள் நனைக்காதீர்கள். பிறகு கட்டைப் பற்றி வைத்தியர் சொன்னபடி குளிக்கலாம். கிணற்றடியில் குளிப்பதென்றால் தண்ணீரை இன்னொருவர் அள்ளி ஊற்ற வேண்டும். வாளியை நீங்கள் இழுக்கக் கூடாது. ஈரத்தை ஒற்றி எடுத்தால் போதும். மஞ்சள், தேங்காயெண்ணெய், பவுடர், டெற்றோல் எதுவும் வேண்டாம். காயம் முழுதாய் ஆறும் வரை கடலில் இறங்க வேண்டாம். சீனி வருத்தம் உள்ளவர்கள் தம் குளிசையை ஒழுங்காய் எடுக்காவிட்டால் மற்றக் கவனமெல்லாம் வீண்.

வேலைக்குத் திரும்புவது வேலையைப் பொறுத்தது. கடை, கந்தோர் வேலைக்கு ஒன்று, இரண்டு வாரம் பெரும்பாலும் போதும். மோட்டார் சைக்கிளை, சடுதியாய் பிரேக் போட்டாலும் நோகாது என்ற நிலை வந்த பிறகு ஓடுங்கள். அதுவும் உதைத்து ஸ்ரார்ட் செய்ய வேண்டாம். பாரம் என்று வந்தால், முதல் வாரங்களில் 5 கிலோ அரிசிப் பைக்கு மேல் வேண்டாம். காஸ் சிலிண்டரின் 12.5 கிலோ காஸின் எடை மட்டுமே, இரும்பின் எடை அதற்கு மேல் என்பதை வீட்டுப் பெண்கள் நினைவில் வைக்க வேண்டும். ஹேர்ணியா அவர்களுக்கும் வரும். வள்ளத்து இஞ்சின் 40, 50 கிலோ. கரைவலை இழுப்பது, வெங்காய மூட்டை தூக்குவது, பனையேறுவது எல்லாம் ஆறு வாரம் கழித்து, வைத்தியர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான். சில வைத்தியர்கள் மூன்று மாதம் சொல்வார்கள். உங்கள் உடம்பைத் திறந்து பார்த்தவர் அவர், அவர் சொல்வதே கணக்கு. வல்லிபுரக் கோயில் திருவிழாவுக்குப் பிரதட்டையோ காவடியோ நேர்ந்திருந்தால் அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். தேர்வடத்திலும் இந்த வருடம் கை வைக்க வேண்டாம்.

காய்ச்சல் குளிரோடு வந்தால், காயம் நாளுக்கு நாள் சிவந்து சீழ் கசிந்தால், கட்டு நனைய இரத்தம் வந்தால், விதையில் தாங்க முடியாத நோவு எழுந்தால் உடனே காட்டுங்கள். வயிறு ஊதி, காற்றும் பிரியாமல் சத்தி எடுத்தாலோ, புடைப்பு இறுகி உள்ளே போகாமல் நொந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ விடியும் வரை பார்த்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது, காசு கேட்பதில்லை.

கிளினிக் திகதியைத் தவற விடாதீர்கள். அன்றைக்கு வைத்தியரிடம் ஒன்று கேளுங்கள்: நான் எந்தத் திகதியிலிருந்து பாரம் தூக்கலாம்? அந்தத் திகதியை அட்டையிலேயே எழுதித் தரச் சொல்லி, வீட்டில் எல்லாருக்கும் காட்டுங்கள்.