கடைக்குள் போகலாம், கல்லாவில் உட்காரலாமா?

விழுப்புரம் நேருஜி சாலையிலும் திண்டிவனம் நேரு வீதியிலும் மூடிக் கிடக்கும் ஷட்டர்களில் அவ்வப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கும். 'கடை வாடகைக்கு விடப்படும்' என்று எழுதி, கீழே ஒரு கைபேசி எண். அந்த எண்ணை அழைக்கிற எல்லோரிடமும் முதல் இரண்டு கேள்விகள் ஒரே மாதிரிதான் இருக்கும். என்ன வியாபாரம், அட்வான்ஸ் எவ்வளவு தர முடியும்? மூன்றாவது கேள்வியில்தான் வழி பிரிகிறது. "எந்த ஊரு தம்பி?" ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்தது, "ஊர்லயா, காலனியா?" காலனி என்று சொன்னதும் யாரும் கத்துவதில்லை. மரியாதையாகவே பதில் வரும். "வீட்ல கலந்துக்கிட்டு சொல்றேன் தம்பி." அதற்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து அழைப்பு வராது. பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் அதே தாள் அதே ஷட்டரில் ஒட்டியிருக்கும்.

மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்கு 2023 ஜூனில் வருவாய்த் துறை முத்திரை வைத்தபோது நாடே அதைப் பேசியது. பேச வேண்டியதுதான். ஆனால் முத்திரை எதுவும் இல்லாமலே நமக்குப் பூட்டிக் கிடக்கிற கதவுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவை கடைத்தெருவில் இருக்கின்றன. அங்கே நாம் தினமும் போகிறோம், பணம் கொடுக்கிறோம், பையோடு திரும்பி வருகிறோம். அதனால் அங்கே பாகுபாடே இல்லை என்று நாமே நம்பிவிட்டோம்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி, பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 29 விழுக்காடு. பத்துப் பேரில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளலாம். தீபாவளித் துணி, கல்யாண நகை, ஆடிப் பதினெட்டுக்குச் சில்வர் குடம், பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பை, திரும்பி வரும்போது ஒரு பிரியாணிப் பொட்டலம் என்று நம் கூலிப் பணம் இந்த இரண்டு நகரங்களின் கல்லாக்களில் ஆண்டு முழுவதும் விழுகிறது. அந்தக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற பத்துப் பேரில் நம்மவர் எத்தனை பேர்? மாவட்ட அளவில் கணக்கு எடுத்துச் சொல்ல யாருமில்லை. இந்திய அளவில் 2005 பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. மக்கள்தொகையில் 16.4 விழுக்காடாக இருந்த பட்டியல் சாதியினர் கையில் இருந்த தொழில் நிறுவனங்கள் 9.8 விழுக்காடு மட்டுமே. அவையும் சராசரியில் மற்றவர்களுடையதைவிடச் சிறியவை.

கடைக்குள் நுழைவதே ஒரு காலத்தில் போராட்டமாக இருந்தது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். திண்டிவனத்திலிருந்து அதிக தூரமில்லாத மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1924-ல் சென்னை சட்ட மேலவையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், பொது அலுவலகம், மக்கள் கூடும் இடம் ஆகியவற்றுக்குள் யார் போவதையும் யாரும் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். 1938-ல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சமூக இயலாமைகளை நீக்கும் சட்டம் வந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 15-வது பிரிவு, கடை, உணவகம், விடுதி எதிலும் சாதி பார்த்துத் தடுக்கக் கூடாது என்றது. 1955-ன் தீண்டாமைக் குற்றச் சட்டம் (இன்று குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம்) பொருள் விற்க மறுப்பதைக் குற்றமாக்கியது.

இவ்வளவுக்குப் பிறகும் 2022 செப்டம்பரில், தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் தலித் பள்ளிக் குழந்தைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்தார் ஒரு கடைக்காரர். ஊர்க் கட்டுப்பாடு என்று அவர் சொன்னது காணொளியாகப் பரவியது. கடைக்குச் சீல் வைத்தார்கள், கைதும் நடந்தது. வாங்க வந்தவரை விரட்டினால் இன்று சட்டம் ஓரளவாவது அசைகிறது. விற்க வருகிறவரை என்ன செய்கிறது என்பதுதான் நம் கேள்வி.

1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, 'கடை' என்றால் என்ன என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். அம்பேத்கர் தந்த விளக்கம் கவனிக்கத்தக்கது. உள்ளே நுழைய அனுமதிப்பது என்ற குறுகிய பொருளில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை என்றார். சேவை தர முன்வந்து உட்கார்ந்திருக்கிற எந்த இடமும் கடைதான் என்ற அகன்ற பொருளை அவர் கொடுத்தார். 2011-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கல்லூரிச் சேர்க்கை வழக்கில் இந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டது.

அவர் அப்படி விரித்துச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கொலம்பியாவில் படித்து முடித்து 1917-ல் பரோடா அரசுப் பணிக்குப் போனவருக்கு, அந்த நகரத்தில் வாடகைக்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் அடையாளத்தை மறைத்துத் தங்கினார். தெரிந்ததும் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். பம்பாய்க்குத் திரும்பிய பின், பங்கு முதலீட்டில் ஆலோசனை சொல்லும் தொழில் தொடங்கினார். அவர் சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அறை தர மறுத்தவர்கள், கடைக்கு வர மறுத்தவர்கள் இரு தரப்பையும் பார்த்த மனிதர் அவர்.

நம் நகரத்துக்கு வருவோம். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். கீழவெண்மணியைத் தெரிந்த மாணவர்களிலும் பலருக்கு இது தெரியாது. வெண்மணியில் நடந்தது வயல் கூலியை ஒட்டி எழுந்த பகை. விழுப்புரத்தில் பகை தொடங்கியது கடைத்தெருவில். சந்தைப் பகுதியில் ஒரு தலித் பெண்ணிடம் முறைகேடாக நடந்துகொண்டதில் தொடங்கிய தகராறு, கடைக்காரர்களின் பக்கம் ஒன்றும் அன்று பெரியபறச்சேரி என்று அழைக்கப்பட்ட குடியிருப்பு ஒன்றுமாக நகரத்தை இரண்டாக்கியது. விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது, வழக்கு நடந்தது, தண்டனைகளும் விதிக்கப்பட்டன. பல ஆண்டுகளுக்குப் பின் எம்.பி. ஆகி இதே தொகுதிக்கு வந்த எழுத்தாளர் ரவிக்குமார் போன்றவர்கள் இதைத் தொடர்ந்து நினைவூட்டி வந்திருக்கிறார்கள்.

இதைக் கொலைக் கணக்காக மட்டும் நாம் நினைவில் வைக்கிறோம். இன்னொரு பக்கமும் உண்டு. அந்தச் சந்தையில் நம்மவர்கள் மூட்டை தூக்கினார்கள், வண்டி இழுத்தார்கள். அரிசியும் வெல்லமும் நம் முதுகில் ஏறித்தான் கடைக்குள் போயின. முதுகுக்கு அங்கே இடம் இருந்தது. பெயர்ப் பலகைக்கு இல்லை.

பெயர்ப் பலகை என்றதும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் செட்டியார் கடை, நாடார் ஸ்டோர்ஸ், முதலியார் மெஸ், ஐயர் ஓட்டல் எல்லாம் பார்த்திருக்கிறோம். சாதிப் பெயர் அங்கே ஒரு விளம்பரம். சுத்தம், தரம், நியாய விலை என்று வாடிக்கையாளர் அதைப் படித்துக்கொள்கிறார். உணவு விடுதிப் பலகைகளில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்து 1957-ல் பெரியார் போராடியதும் அந்த விளம்பரத்தைத்தான். நம் சாதிப் பெயரில் ஒரு மளிகைக் கடைப் பலகையை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா? நம் பிள்ளைகள் கடைக்கு வைக்கிற பெயர்களைக் கவனியுங்கள். குழந்தையின் பெயர், சாமி பெயர், இல்லாவிட்டால் ஸ்டார், கிங், நியூ. அம்பேத்கர் படத்தைச் சுவரில் மாட்டலாமா என்று யோசித்துவிட்டு, கல்லாப்பெட்டிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிற ஒரு தம்பியை எங்களுக்குத் தெரியும். கடையைத் திறந்து மூடும்போது அவர் மட்டும் பார்த்துக்கொள்வார்.

சாப்பாட்டுக் கடை வைக்க நினைப்பவருக்குச் சிக்கல் இன்னும் ஒரு சுற்று அதிகம். செல்போன் பழுது பார்க்கும் கடையில் யார் கை பட்டது என்று யாரும் கேட்பதில்லை. இட்லி மாவில் கேட்கிறார்கள். நகரத்தில் இரட்டைக் குவளை இல்லை, காகிதக் குவளை வந்து அதை மறைத்துவிட்டது. ஆனால் சமைப்பவர் யார் என்ற விசாரணை மட்டும் போகவில்லை. அதற்கு மேல் மெனுவில் மாட்டிறைச்சி என்றால் கட்டட உரிமையாளர் பேச்சையே முடித்துவிடுவார். ஆட்டுக் கறிக்கும் கோழிக்கும் வராத 'நாற்றம்' இதற்கு மட்டும் எப்படி வருகிறது என்பது விளங்கவில்லை. அரசே இதில் தடுமாறியது. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் நடத்துவதாக இருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சிக்கு இடமில்லை என்றார்கள். மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் அதைப் பாகுபாடு என்று கருதி நோட்டீஸ் அனுப்பியது. மழையைக் காரணம் காட்டித் திருவிழாவே தள்ளிப்போனது.

பணம் இல்லாததால்தான் கடை வைக்க முடியவில்லை என்று அதிகாரிகள் சொல்வார்கள். பாதி உண்மை. தமிழக அரசு 2023-ல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு மானியம் உண்டு, உச்ச வரம்பு ஒன்றரைக் கோடி ரூபாய். வட்டியில் 6 விழுக்காடு சலுகையும் உண்டு. உற்பத்திக்கு மட்டுமல்ல, வணிகத்துக்கும் சேவைத் தொழிலுக்கும் இது பொருந்தும். விழுப்புரத்தில் மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். நல்ல திட்டம்தான். ஆனால் திட்ட அறிக்கையோடு வங்கிக்குப் போனால், கடை எங்கே, வாடகை ஒப்பந்தம் எங்கே என்று கேட்கிறார்கள். மானியத்தை அரசு தரும், கடனை வங்கி தரும். நேரு வீதியில் பத்துக்குப் பத்து அறையை யார் தருவது? அது கிடைக்காதவர் பேருந்து போகாத சந்தில், காலனிக்குப் பக்கத்திலேயே கடை போடுகிறார். அங்கே வாங்க வருகிறவர்களும் காலனிக்காரர்களே. கடன் சொல்லி வாங்குவார்கள். இரண்டு ஆண்டில் கடை மூடுகிறது. 'இவங்களுக்கு வியாபாரம் வராது' என்ற பேச்சு அதன் பிறகு வருகிறது.

வாடகைச் சட்டம் உதவுமா? நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றெல்லாம் சொல்கிறது. கடை பிடித்தவருக்கு இவை பயன்படும். சாதி கேட்டு வாடகைக்கு மறுப்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. என் கட்டடம், என் விருப்பம் என்று உரிமையாளர் சொல்லிவிட்டுப் போகலாம்.

ஆனால் கதவு முழுக்கச் சாத்தப்படவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், 2016 ஜனவரி 26 முதல் நடப்பில் உள்ளது. அதில் 'பொருளாதாரப் புறக்கணிப்பு' என்பதற்கு விளக்கம் தரப்பட்டுள்ளது. வழக்கமான வணிகத்தில் எந்த நிபந்தனைகளில் ஒரு காரியம் நடக்குமோ, அதே நிபந்தனைகளில் செய்ய மறுப்பதும் அதில் அடங்கும். அப்படிப்பட்ட புறக்கணிப்பை ஒருவர்மீது சுமத்துவது ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கடை வாடகைக்கு இதைப் பொருத்திப் பார்க்க முடியும் என்பது எங்கள் கருத்து. நிரூபிப்பதுதான் கடினம். அதற்கு ஒரு வழி: மறுப்பு வந்த மறுநாள், வேறு சாதி நண்பர் ஒருவர் அதே கடையை அதே வாடகைக்குக் கேட்கட்டும். இரண்டு உரையாடல்களின் தேதியையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய கண்காணிப்புக் குழுவுக்கு மனுவாக அனுப்பலாம்.

தெற்கே நாடார் வணிகர்கள் இதே சுவரை வேறு விதத்தில் கடந்தார்கள். பேட்டைகள் அமைத்து, ஒவ்வொரு சரக்கிலும் மகமை என்று ஒரு சிறு தொகை ஒதுக்கிப் பொது நிதி சேர்த்தார்கள். 1921-ல் தூத்துக்குடியில் சொந்தமாக வங்கியும் தொடங்கினார்கள். அவர்களுக்கு முன்பே வணிகப் பழக்கம் இருந்தது, நமக்கு அது இல்லை. அதனால் அப்படியே பின்பற்ற முடியாது. ஆனாலும் நம் காலனிகளில் பெண்கள் நடத்தும் குழுக்களிலும் ஏலச் சீட்டுகளிலும் சுழலும் பணத்தில் ஒரு பங்கு, ஒரு பிள்ளையின் கடை அட்வான்ஸுக்குப் போகக் கூடாதா? காதுகுத்துக்கும் கருமாதிக்கும் மட்டும்தான் போக வேண்டுமா?

தனியார் கட்டடத்தை விட்டுவிட்டு, நம் வரிப்பணத்தில் கட்டிய கடைகளைப் பார்ப்போம். பேருந்து நிலையத்திலும் நகராட்சி வணிக வளாகத்திலும் இருக்கிற கடைகளுக்கு உரிமையாளர் நகராட்சி. அங்கே 'வீட்ல கேட்டுச் சொல்றேன்' என்று யாரும் சொல்ல முடியாது, ஏலம்தான். ஆனால் ஏல அறிவிப்பு எந்தப் பத்திரிகையின் எந்த மூலையில் வருகிறது, வைப்புத் தொகை எவ்வளவு, ஏலம் எடுத்தவர்தான் கடை நடத்துகிறாரா, உள்வாடகைக்கு விட்டிருக்கிறாரா என்பதெல்லாம் காலனிக்கு வந்து சேர்வதில்லை.

ஆகவே இந்த மாதம் மாணவர்களுக்கு ஒரு வேலை. விழுப்புரம், திண்டிவனம் நகராட்சிகளின் பொதுத் தகவல் அலுவலர்களுக்கு ஆளுக்கொரு மனு எழுதுங்கள். நகராட்சிக்குச் சொந்தமான கடைகள் எத்தனை, ஒவ்வொன்றின் வாடகை எவ்வளவு, கடைசி ஏலம் எப்போது நடந்தது, குத்தகை முடியும் தேதி எது, குத்தகைதாரர்களில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் எத்தனை பேர், உள்வாடகைக்கு விட்டதாக நடவடிக்கை எடுக்கப்பட்ட கடைகள் எத்தனை என்று ஒவ்வொன்றையும் தனித்தனிக் கேள்வியாகக் கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தபாலில் அனுப்பினால் போதும். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். வருகிற பதிலின் நகல் ஒன்றை எங்களுக்கும் அனுப்பிவையுங்கள், இதே பத்தியில் வெளியிடுகிறோம்.