மிதிவண்டிக்கு வேண்டிய வீட்டுக் கருவிகள்

நெய்த துணியைச் சங்கத்தில் ஒப்படைக்கவும், பாவுநூல் பெற்று வரவும், பாலையும் காய்கறியையும் விடியுமுன் விற்பனைக்குக் கொண்டு செல்லவும் நம் அங்கத்தினர் பலர்க்கு மிதிவண்டியே துணையாகும். அது ஒரு நாள் நின்றுவிடின், பழுது பார்க்கும் கூலியோடு அந்நாளைய வருவாயும் போகிறது. ஆகவே சிறு பழுதுகளை வீட்டிலேயே நீக்கிக்கொள்ளுதல் சிக்கனமே. ஆயினும் மட்டமான கருவியால் செய்யும் வேலை சிக்கனமாகாது. அது தானும் கெட்டு, வண்டியின் உறுப்பையும் கெடுத்துவிடும்.

மெல்லிய தகட்டில் பல துளைகள் வெட்டிய ஸ்பானரின் விலை குறைவுதான். ஆனால் பின்சக்கர நட்டை அதனால் இறுக்கினால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும். மழுங்கிய நட்டை முழுதும் இறுக்க இயலாது. சுமையேற்றி மிதிக்கையில் சக்கரம் நகர்ந்து சங்கிலி கழலும். குறட்டினால் நட்டைத் திருகுவதும் இத்தகைய கேட்டையே விளைவிக்கும்.

ஆதலின் அடித்து உருவாக்கிய எஃகு ஸ்பானரையே வாங்குக. 'குரோம் வனேடியம்' என்னும் பொறிப்பு உறுதியான கலப்பு எஃகைக் குறிக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா எனவும் பார்க்க. பழைய வண்டிகளில் அங்குல அளவும் புதியனவற்றில் மில்லிமீட்டர் அளவும் காணப்படுவதால், எண்ணை மட்டும் நம்பலாகாது. தம் வண்டியின் நட்டையே கடைக்குக் கொண்டு சென்று பொருத்திப் பார்த்தல் நன்று. ஆட்டமின்றி அமர்ந்தால் அதுவே சரியான அளவு. வாய் திறந்த ஸ்பானர் நட்டின் இரு பக்கங்களை மட்டுமே பற்றும்; வளைய ஸ்பானரோ ஆறு மூலைகளையும் பற்றுவதால் கடினமான நட்டுக்கு அதுவே ஏற்றது.

டயர் கழற்றும் நெம்புகோல்களின் முனை வழவழப்பாயிருத்தல் வேண்டும்; கூர்முனை டியூபைக் கிழிக்கும். ரப்பர் சொல்யூஷனைச் சிறு குழாயாக வாங்குக. திறந்தபின் நாளடைவில் அது உலர்ந்துவிடும். இவற்றுடன் ஒட்டுத்துண்டு, உப்புத்தாள், காற்றுப் பம்பு, திருப்புளி ஆகியவை போதும்.

பலரும் எண்ணாத கருவி ஒன்றுண்டு. அது ஓர் அடி நீள எஃகு அளவுகோல். சங்கிலியின் ஊசிகள் அரை அங்குலத்துக்கு ஒன்றாக அமைந்தவை. ஓர் ஊசியின் நடுவிலிருந்து இருபத்து நான்கு இடைவெளிகளை அளந்தால் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அது 1/8 அங்குலம் மிகுந்திருந்தால் சங்கிலியை மாற்றுக. தாமதித்தால் பற்சக்கரமும் தேயும்.

ஆரக்கம்பியை முறுக்கும் சாவி, அச்சின் கோனைத் திருத்தும் மெல்லிய ஸ்பானர் முதலியன ஆண்டில் சிலமுறையே தேவைப்படும். இவற்றை ஒவ்வொருவரும் வாங்குவது வீண். பத்து அங்கத்தினர் சேர்ந்து நல்ல தரத்தில் ஒரு தொகுதி வாங்கிச் சங்கத்தில் வைக்கலாம். எடுத்தவர் பெயரும் திருப்பிய நாளும் பதிவேட்டில் தவறாது எழுதப்படட்டும். 1844ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் முதலியோர் கூட்டுறவுக் கடை திறந்தபோது, கலப்படமற்ற பண்டத்தைச் சரியான எடையில் பெறுதலும் அவர்தம் நோக்கமாயிருந்தது. தனியொருவர்க்கு எட்டாத தரம் பலர் கூடினால் எட்டும் என்பது ஸ்பானருக்கும் பொருந்தும்.