பெரிய குரல், சின்ன மைக்!

குட்டீஸ், முதலில் ஒரு விடுகதை. எல்.பி. இசைத்தட்டு பார்த்திருக்கிறீர்களா? நேரில் பார்க்காவிட்டாலும் பழைய சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். கறுப்பாக, பளபளவென்று, சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதன் மேல் மெல்லிய கோடுகள் வரிவரியாகத் தெரியும். சரி, ஒரு பக்கத்தில் எத்தனை கோடுகள் இருக்கும்? நூறா? ஆயிரமா?

ஒன்றே ஒன்றுதான்!

கொசுவர்த்திச் சுருளை நினைத்துக் கொள்ளுங்கள். அதைப் போலவே விளிம்பில் தொடங்கும் ஒரே கோடு சுற்றிச் சுற்றி நடுவில் உள்ள லேபிள் வரை வருகிறது. தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும். ஒரு பக்கம் 22 நிமிடம் ஓடினால் 733 சுற்றுகள். ஒரு சுற்றின் சராசரி ஆரம் 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டு, கணக்கில் புலியாக இருப்பவர்கள் அந்தக் கோட்டின் நீளத்தைக் கண்டுபிடியுங்கள். கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் வரும்!

இதற்கு முன்பு இருந்த தட்டுகள் அரக்கில் செய்யப்பட்டவை. ஆமாம், பாண்டவர்கள் கதையில் அரக்கு மாளிகை வருகிறதே, அதே அரக்குதான். அரக்குப் பூச்சி என்ற குட்டிப் பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் பிசின் அது. இந்தியக் காடுகளில் இருந்துதான் உலகம் முழுவதற்கும் பெருமளவில் கப்பலேறியது. அரக்குத் தட்டு கீழே விழுந்தால் சுக்குநூறு. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும். அதனால் சின்னத் தட்டில் மூன்று நிமிடப் பாட்டு முடிந்ததுமே எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். 1948ல் அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனி வினைல் தட்டைக் கொண்டுவந்தது. வினைல் யார் தெரியுமா? உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் பி.வி.சி.யில் செய்தது அல்லவா? அதன் நெருங்கிய சொந்தக்காரன்தான்.

பாட்டு எப்படித் தட்டில் ஏறுகிறது? நீங்கள் பாடும்போது காற்று அதிர்கிறது. மைக் அந்த அதிர்வை மின்சாரமாக மாற்றுகிறது. அந்த மின்சாரம் ஒரு கூரான ஊசியை ஆட்டுகிறது. ஊசி, மெழுகு போல வழவழப்பான பூச்சுள்ள தட்டில் நெளிநெளியாகக் கோடு கிழிக்கிறது. அந்தத் தட்டின் மேல் நிக்கல் பூசி, உரித்தெடுத்து, அச்சு செய்கிறார்கள். பிறகு சூடான வினைலை அச்சில் வைத்து அழுத்தினால் தட்டு ரெடி! மெல்லப் பாடினால் கோட்டின் நெளிவு சின்னது. உரக்கப் பாடினால் நெளிவு பெரியது. பெரிய நெளிவுக்கு அதிக இடம் வேண்டும். அதனால், பாடுபவர் திடீரென்று குரலை உயர்த்தினால் ஊசியைக் கவனித்துக் கொண்டிருப்பவருக்கு வேர்த்துக் கொட்டும்.

அப்படியானால், உலகத்திலேயே மிக உரக்கப் பாடப் பழகியவர்கள் வந்து தட்டுக்குப் பாடினால் என்ன ஆகும்? அவர்கள்தான் ஓபரா பாடகர்கள்.

ஓபரா என்றால் வசனத்தையும் பாட்டாகவே பாடி நடிக்கும் நாடகம். அரங்கில் மூவாயிரம் பேர் இருப்பார்கள். மேடைக்குக் கீழே அறுபது, எழுபது பேர் வயலினும் எக்காளமும் முழக்குவார்கள். பாடுபவருக்கு மைக் கிடையாது! கடைசி வரிசைக்கும் குரல் போய்ச் சேர வேண்டும். இது எப்படி முடிகிறது என்று சுவீடன் விஞ்ஞானி யோஹன் சுண்ட்பெர்க் ஆராய்ந்தார். வாத்தியங்களின் ஓசை, நொடிக்கு 500 அதிர்வுகளை ஒட்டிய பகுதியில்தான் பலமாக இருக்கிறது. மேலே போகப் போகக் குறைகிறது. பயிற்சி பெற்ற ஆண் பாடகர்களின் குரலிலோ 3,000 அதிர்வுகளின் பக்கத்தில் தனியாக ஒரு பலம் இருக்கிறது. அங்கே வாத்தியங்களின் நெரிசல் இல்லை. நம் காதும் அந்தப் பகுதியை நன்றாகக் கேட்கும். கூட்டத்தில் எல்லோரும் நடக்கும் சாலையை விட்டுவிட்டுச் சந்து வழியாகப் போய் முதலில் சேர்வது போலத்தான் இது. உச்ச ஸ்தாயியில் பாடும் பெண்கள் வேறு தந்திரம் செய்கிறார்கள். சுருதி ஏற ஏற வாயை அகலமாகத் திறந்து, வாய்க்குள் ஒலி முழங்கும்படி பார்த்துக் கொள்கிறார்கள். இதில் ஒரு தொல்லை உண்டு. வாய் அவ்வளவு திறந்தால் 'இ', 'உ' எல்லாமே 'ஆ' போலக் கேட்கும். சொல் புரியாது.

ஓபராவில் அது பெரிய குற்றமில்லை. ஆனால் அமெரிக்காவின் பிரபலப் பாட்டுகளில் சொல்தான் உயிர். 1920களில் இருந்து 1950கள் வரை ஜார்ஜ் கெர்ஷ்வின், இர்விங் பெர்லின், கோல் போர்ட்டர், ஹெரால்ட் ஆர்லன் ஆகியோர் நாடகங்களுக்கும் சினிமாவுக்கும் நூற்றுக்கணக்கான பாட்டுகளுக்கு இசையமைத்தார்கள். பிங் க்ராஸ்பி போன்றவர்கள் மைக்குக்கு அருகில் நின்று, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போல மெதுவாகப் பாடினார்கள். அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு, அதே பாட்டை ஓபரா குரலில் கேட்டால் எப்படி இருக்கும்? பக்கத்து இலைக்காரரிடம் ஒலிபெருக்கி வைத்து 'கொஞ்சம் ரசம் தாங்க' என்று கேட்பது போலத்தான்!

இந்த இடத்தில்தான் நம் கதாநாயகி வருகிறார். பெயர் ஐலீன் ஃபாரெல். 1920ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் மேடைப் பாடகர்கள். ஐலீன் இருபது வயதில் நியூயார்க்கில் சி.பி.எஸ். வானொலியில் சேர்ந்தார். முதலில் கூட்டத்தோடு கோரஸ், கொஞ்ச நாளில் சொந்த நிகழ்ச்சி. ஓபரா பாட்டும் பாடினார், சாதாரணப் பாட்டும் பாடினார். ஓபரா மேடைக்குப் போவதற்கு முன்பே பல வருடம் மைக் முன்னால் நின்றவர் அவர். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேலைக்கு வரும்.

1955ல் 'இன்டரப்டட் மெலடி' என்று ஒரு ஹாலிவுட் படம் வந்தது. போலியோ தாக்கிய பிறகும் விடாமல் பாடிய ஆஸ்திரேலியப் பாடகி மார்ஜரி லாரன்ஸின் கதை அது. திரையில் வாயசைத்தவர் எலினார் பார்க்கர். குரல் நம் ஐலீன் உடையது. பின்னணி பாடுவது நம் ஊரில் மட்டும் நடக்கும் சங்கதி அல்ல!

அந்த நாளில் ஓபரா பாடுபவர்கள் சாதாரணப் பாட்டுப் பாடினால் மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இருந்தார்கள். வெறும் பேச்சோடு நின்றுவிடவில்லை. நியூயார்க்கில் 'மெட்ரோபாலிடன் ஓபரா' என்று ஓர் அரங்கம் உண்டு. செல்லமாக 'மெட்' என்பார்கள். அங்கே ஹெலன் ட்ராபெல் என்ற பெரிய பாடகி இருந்தார். அவர் இரவு விடுதிகளில் பிரபலப் பாட்டுகள் பாடியது, மெட்டின் நிர்வாகி ருடால்ஃப் பிங்குக்குப் பிடிக்கவில்லை. முடிவு? 1953ல் ட்ராபெல் மெட்டை விட்டே வெளியேறினார். பல வருடம் கொடிகட்டிப் பறந்தவருக்கே அந்தக் கதி.

இப்போது 1959க்கு வாருங்கள். இத்தாலியில் ஸ்போலெட்டோ என்ற மலையூரில் இசை விழா. ஐலீன், வெர்டி இயற்றிய 'ரெக்வியம்' பாடப் போயிருந்தார். பக்திப் பாட்டு, பிரமாண்டமான இசைக்குழு. அதே விழாவுக்கு ஜாஸ் உலகின் சக்கரவர்த்தி லூயி ஆம்ஸ்ட்ராங்கும் வந்திருந்தார். திடீரென்று அவருக்கு உடல்நிலை மோசமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். குழு ரெடி, பாட ஆளில்லை. ஐலீன் போய் நின்றார். ஆம்ஸ்ட்ராங்கின் ஆட்களோடு ஜாஸ் பாட்டுகளைப் பாடினார். கேட்டவர்கள் அசந்து போனார்கள். ரேடியோவில் பழகியது கைகொடுத்தது!

அதன் பிறகு கொலம்பியா கம்பெனி அவரைத் தட்டுக்குப் பாடச் சொன்னது. 1960ல் வந்த அந்த எல்.பி.யின் பெயர் 'ஐவ் காட் எ ரைட் டு சிங் த புளூஸ்'. 'புளூஸ் பாட எனக்கும் உரிமை உண்டு' என்று அர்த்தம். புளூஸ் என்பது, அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பின அமெரிக்கர்கள் துக்கத்தைச் சொல்லப் பிறந்த இசை. அந்தப் பாட்டு ஹெரால்ட் ஆர்லன் 1932ல் இசையமைத்தது. எட்டு வருடம் முன்னாலேயே இருந்த பாட்டுதான் என்றாலும், தட்டுக்கு அந்தப் பெயர் வைத்ததும் 'ஏன் பாடுகிறாய்?' என்று கேட்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில் சொன்னது போல ஆகிவிட்டது. மன்னிக்கவும், எட்டு இல்லை, இருபத்தெட்டு வருடம்! கணக்குப் புலிகள் கண்டுபிடித்திருப்பீர்கள். இசைக்குழுவை நடத்தியவர் லூதர் ஹெண்டர்சன் என்ற கறுப்பின இசையமைப்பாளர். ஜூலியார்ட் கல்லூரியில் படித்தவர், ஜாஸ் மேதை ட்யூக் எலிங்டனுடன் வேலை செய்தவர். இரண்டு உலகமும் தெரிந்த ஆள்.

ஐலீன் என்ன செய்தார் என்பதுதான் சுவாரசியம். ஓபராவில் அவர் சோப்ரானோ. அதாவது பெண்களில் உச்ச ஸ்தாயி. தட்டுக்குப் பாடும்போது கட்டையை நன்றாகக் குறைத்துக் கொண்டார். நாம் சாதாரணமாகப் பேசுகிற இடத்துக்கே குரலைக் கொண்டுவந்தார். ஓபராவில் குரல் நடுங்கி நடுங்கி அலை அலையாக வருமே, அதைச் சுருக்கினார். சொல்லை முழுங்காமல் பேசுவது போலச் சொன்னார். பெரிய குரல் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே பாட்டில் கொட்டவில்லை. இது எளிதென்று நினைக்காதீர்கள். யானை கோலமாவைச் சிந்தாமல் புள்ளி வைப்பதற்குச் சமம்.

தட்டு வந்த அதே 1960ல், டிசம்பர் 6ஆம் தேதி, ஐலீன் மெட் மேடையில் முதன்முறையாகப் பாடினார். அப்போது வயது நாற்பது. நிர்வாகி யார்? அதே ருடால்ஃப் பிங்! ஐலீன் அஞ்சவில்லை. மெட்டில் பாடிக்கொண்டே 1961, 1962ல் மேலும் பிரபலப் பாட்டுத் தட்டுகள் கொடுத்தார். பிங்குக்கும் அவருக்கும் கடைசி வரை ஒத்துப் போகவில்லை. மெட்டில் அவர் காலம் 1966ல் முடிந்தது. ஆனால் தட்டுகள் நின்றுவிட்டன.

மற்ற ஓபரா பாடகர்களும் இதை முயன்று பார்த்தார்கள். 1984ல் லெனார்ட் பெர்ன்ஸ்டைன், தன் புகழ்பெற்ற 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' இசை நாடகத்தை ஓபரா குரல்களை வைத்துப் பதிவு செய்தார். கதையில் நாயகன் டோனி அமெரிக்கப் பையன், நாயகி மரியா ஸ்பானிஷ் பேசும் பெண். டோனியாகப் பாடியவரோ ஸ்பெயின் நாட்டு ஹோசே கரேராஸ்! மரியாவாகப் பாடியவர் நியூசிலாந்தின் கிரி டி கனாவா. அமெரிக்க உச்சரிப்பு வராமல் கரேராஸ் திண்டாடியதும், பெர்ன்ஸ்டைன் பொறுமை இழந்ததும் படமாகவே எடுக்கப்பட்டிருக்கிறது. தட்டு நன்றாக விற்றது, கிராமி விருதும் வாங்கியது. இருந்தாலும் என்னைக் கேட்டால், குரலை அடக்கத் தெரிந்த ஐலீனுக்குத்தான் முதல் மார்க்.

வினைல் தட்டின் கதையும் முடிந்துவிடவில்லை. சி.டி. வந்ததும் எல்லோரும் தட்டைப் பரணில் போட்டார்கள். 2022ல் அமெரிக்காவில் சி.டி.யைவிட வினைல் தட்டுகள் அதிக எண்ணிக்கையில் விற்றன. 1987க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

ஐலீன் பிறகு இந்தியானா பல்கலைக்கழகத்தில் பாட்டு வாத்தியாராக இருந்தார். அறுபது வயதைத் தாண்டிய பின், 1980களின் கடைசியில், மறுபடி மைக் முன்னால் வந்து நின்றார். இந்த முறை ஓபரா இல்லை. ஆர்லனின் பாட்டுகளும் அதைப் போன்ற மற்றப் பாட்டுகளும்தான். வயதாகி உச்ச ஸ்தாயி குறைந்திருந்தது. அந்தப் பாட்டுகளுக்கு அது தேவைப்படவே இல்லை. அவர் 2002 மார்ச்சில், 82 வயதில் காலமானார்.