வாசல் புள்ளியில் தொடங்கும் கணக்கு

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல், அதன் ஆர்வத்தின் வழியே வீட்டிலேயே கணிதமும் நிரலாக்கமும் கற்க விடலாமா? நமக்கே தெரியாததை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்றுதான் பெற்றோர் தயங்குகிறார்கள். இந்த இரண்டு பாடங்களுக்கும் அந்தத் தயக்கம் வேண்டாம். ஒரு கட்டுரை நன்றாக வந்திருக்கிறதா என்று சொல்ல இன்னொருவர் வேண்டும். கணக்கை வேறொரு வழியில் போட்டுப் பார்த்துப் பிள்ளையே தவறைக் கண்டுபிடித்துவிடலாம். நிரல் தவறினால் படம் கோணலாக வந்து நிற்கும்.

கருங்குழியில் மார்கழிக் காலையில் வாசலுக்கு வாருங்கள். நேர்புள்ளி 7, ஒன்று வரை என்று கோலம் வைக்கிறார்கள். நடுவரிசையில் 7 புள்ளி. மேலும் கீழும் 5, 3, 1. மொத்தம் எத்தனை? எண்ணினால் 25. ஐந்து புள்ளிக் கோலத்தில் 13. மூன்று புள்ளியில் 5. இந்த எண்களை எழுதி வைத்துவிட்டுப் பிள்ளையைச் சும்மா விடுங்கள். ஒரு நாள் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். 5 என்பது 4+1, 13 என்பது 9+4, 25 என்பது 16+9 என்று கண்டுபிடித்துக்கொண்டு ஓடிவரும். கூட்டும் எண்கள் எல்லாம் வர்க்க எண்கள்! ஏன் அப்படி? ஒரு புள்ளி வெள்ளை, அடுத்தது காவி என்று மாற்றி மாற்றி வைத்துச் சாய்வாகப் பாருங்கள். நாலுக்கு நாலாக ஒரு சதுரம், அதன் இடைவெளிகளில் மூன்றுக்கு மூன்றாக இன்னொரு சதுரம். நிரூபணம் தரையிலேயே இருக்கிறது.

அடுத்து 99 புள்ளிக் கோலத்தைக் கேளுங்கள். கையால் எண்ணிக் கட்டுப்படியாகாது. இங்கேதான் நிரல் தேவைப்படுகிறது. வரிசை வரிசையாகக் கூட்டச் சொல்லி நாலைந்து வரி எழுதினால் கணினி விடை தரும். பிள்ளை கண்டுபிடித்த விதியும் அதே விடையைத் தந்தால் இரண்டும் சரி. ஆசிரியர் திருத்த வேண்டிய வேலை அங்கே இல்லை.

கோலத்தையும் கணினியையும் நான் வலிந்து சேர்க்கவில்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆய்ந்தவர்களும் கோலங்களுக்கு இலக்கணம் வகுத்துக் கணினியியல் ஆய்வாக 1974இல் வெளியிட்டார்கள். குழந்தைகளுக்காக 1967இல் பிறந்த லோகோ மொழியில் பின்னால் ஓர் ஆமை வந்தது. முன்னே போ, வலப்புறம் திரும்பு என்றால் அது கோடு இழுக்கும். இன்று விலையில்லாமல் கிடைக்கும் பைத்தானிலும் அந்த ஆமை உண்டு. ஆங்கிலம் தடையாக இருந்தால், முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் ‘பதிப்பி’ என்று தமிழிலேயே கட்டளை எழுதலாம்.

இப்படிக் கற்றவர் எங்கே போய்ச் சேர்வார்? மும்பையின் மாளவிகா ராஜ் ஜோஷி ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். நிரலாக்கத்தில் மூழ்கி, சர்வதேசத் தகவலியல் ஒலிம்பியாடில் இரண்டு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வென்றார். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் ஐஐடி கதவு திறக்கவில்லை. இடம் கொடுத்தது சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதக் கழகம், அதுவும் முதுநிலைப் படிப்பில். பிறகு 2016இல், 17 வயதில், அமெரிக்காவின் எம்ஐடி அழைத்துக்கொண்டது.

ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் ஒலிம்பியாட் பதக்கம் கிடைக்காது. சான்றிதழுக்கான வழியை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது நிரம்பினால் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். ஐந்து பாடம் போதும், தேர்வு ஆண்டுக்கு இரு முறை. சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்: 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது, சேர்க்காதவருக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை.

இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், பகலில் உடனிருக்க ஆளில்லாமல் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது தவறு என்றே சொல்வேன். அங்கே பள்ளி இருக்கட்டும். மாலையில் ஒரு மணி நேரத்தை இதற்கு விடுங்கள்.

99 புள்ளிக் கோலத்தில் மொத்தம் 4901 புள்ளிகள். விடையைப் பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள்.