அன்பினால் வரும் கஷாயம்

சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றி வைக்கப்பட்டு மும்பையின் மாதுங்காவிலோ செம்பூரிலோ உள்ள தம் இல்லத்துக்குத் திரும்பிய ஒருவருக்கு நேரக்கூடிய அபாயங்களில் அநேகமாக எல்லாவற்றையும் வைத்தியர்கள் முன்னதாகவே ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள் என்றாலும், அவரைப் பார்க்க வரும் பந்துக்களின் பிரியத்தால் விளையக்கூடிய அபாயத்துக்கு அந்தக் காகிதத்தில் போதிய இடம் கிடைப்பதில்லை. நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கும் பெரியம்மாவும், தாராவித் தொண்ணூறடிச் சாலையில் கடை வைத்திருக்கும் மைத்துனரும், மாடிவீட்டு மாமியும், தனித்தனியே வந்தாலும், பேசிவைத்துக்கொண்டவர்கள் போல ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: "உடம்புல எதிர்ப்புச் சக்தி கொறஞ்சு போச்சு, அத மொதல்ல ஏத்தணும்."

அந்தச் சக்தி ஏறிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த மனிதர் காலையும் மாலையும் கடிகாரத்தைப் பார்த்து மாத்திரை விழுங்குகிறார். அதற்காகவே மாதாமாதம் சம்பளத்தில் கணிசமான பாகத்தை மருந்துக் கடையில் செலுத்துகிறார். அந்நிய அவயவத்தை அந்நியம் என்று கண்டுகொள்ளும் சுபாவம் நம் இரத்தத்துக்கு உண்டு. பத்து வருஷம் கழிந்தாலும், இருபது வருஷம் கழிந்தாலும், சாதாரணமாக அது அந்த அடையாளத்தை மறப்பதில்லை. டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், பிரெட்னிசோலோன் ஆகிய மூன்றும் சேர்ந்தே பெரும்பாலோரிடத்தில் அந்தக் காவலை அடக்கி வைக்கின்றன. இவற்றுள் டாக்ரோலிமஸ் மிகவும் நுட்பமானது. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் சில நானோகிராம், அதாவது ஒரு கிராமை நூறு கோடியாகப் பகுத்தால் கிடைக்கும் பங்குகளில் சில மாத்திரமே அது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் புதிய உறுப்பை உடல் நிராகரிக்கத் தொடங்குகிறது, மிகுந்தாலோ கை நடுக்கமும் சர்க்கரையும் வருவதோடு, எந்தச் சிறுநீரகத்தைக் காக்க அந்த மருந்து கொடுக்கப்பட்டதோ அதையே அது கெடுக்கிறது.

ஆகையால் பன்னிரண்டு மணி நேர இடைவெளி தவறலாகாது. மறந்துபோன வேளைக்கு ஈடாக அடுத்த வேளை இரட்டை மாத்திரை போடலாகாது. 'லெவல்' பார்க்க இரத்தம் கொடுக்கும் காலையில் மாத்திரையைக் கையில் எடுத்துச் சென்று, இரத்தம் கொடுத்த பிறகே விழுங்க வேண்டும். லோக்கல் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் வழக்கம்போல் வீட்டிலேயே விழுங்கிவிட்டுப் போனால், பரிசோதனையில் வரும் எண் உண்மைக்கு மேலாகக் காட்டும், அதைக் கண்டு வைத்தியர் மருந்தைக் குறைக்கவும் கூடும். ஒரு வேளை மருந்தையும் இரு வேளை மருந்தையும் ஒன்றென்று எண்ணிக் கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிடாதபடி அட்டையைப் படித்துப் பார்க்க வேண்டும். வலி மாத்திரையைத் தாமாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாகாது. மழைக்காலத்து வயிற்றுப்போக்கில் டாக்ரோலிமஸின் அளவு இரத்தத்தில் உயர்ந்துவிடுவதுண்டாகையால், அதை வெறும் அஜீரணம் என்று விட்டுவிடவும் கூடாது. இவையெல்லாம் சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்ளக்கூடியவை. நோயாளிகள் பெரும்பாலும் கற்றும் கொள்கிறார்கள். என் கவலை வேறு.

2020-ஆம் வருஷத்துக் கொள்ளைநோய்க்குப் பிறகு எதிர்ப்புச் சக்தி என்பது நம் நகரத்தில் ஏறக்குறைய ஒரு தெய்வமாகிவிட்டது. தேநீர்ப் பொட்டலத்திலும் குழந்தைகளின் பால்பொடியிலும் அதன் நாமம் அச்சாகிறது. அந்த வருஷம் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு வழங்கப்பட்ட கபசுரக் குடிநீரின் பொடி மும்பைத் தமிழர் வீட்டு அலமாரிகளுக்கும் வந்து சேர்ந்து, இன்னும் பல வீடுகளில் தங்கியிருக்கிறது. நிலவேம்பும் சீந்திலும் அதன் சேர்மானங்களில் அடங்கியவை. சீந்திலுக்கு இங்கே பஞ்சமே இல்லை: வேப்பமரத்தில் படர்ந்து கிடக்கும் அந்தக் கொடியை மராத்தியர் குளவேல் என்றும் ஹிந்திக்காரர் கிலோய் என்றும் கொண்டாடுகிறார்கள். 2020-இன் இறுதி மாதங்களில், சீந்திலை உட்கொண்டவர்களில் ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை வைத்தியர்கள் கண்டு, மறு வருஷம் ஒரு மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார்கள். உடலின் காவற்படை தன் கல்லீரலையே தாக்கும் வியாதியின் லக்ஷணங்கள் அவர்களிடம் தென்பட்டன. அவர்கள் உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள் அல்லர். சொந்தக் கல்லீரலுக்கே அந்தக் கதி நேரக்கூடுமானால், இரவல் கல்லீரலை வைத்துக்கொண்டிருப்பவர் அந்தக் கஷாயத்தை எந்தத் தைரியத்தில் அருந்துவது? அந்தக் கட்டுரையை ஆயுஷ் துறையினர் மறுத்தார்கள் என்பதையும், முறைப்படி தயாரித்த மூலிகை தீங்கு செய்யாது என்பது பாரம்பரிய வைத்தியர் பலரின் வாதம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

"இது இயற்கை மருந்துதானே, என்ன செய்துவிடும்?" என்று கேட்பவர்கள், நோயாளி விழுங்கும் மாத்திரையின் ஜன்மஸ்தலத்தை விசாரித்ததில்லை போலும். உறுப்பு மாற்றுச் சிகிச்சையின் சரித்திரத்தையே மாற்றிய சைக்ளோஸ்போரின், நார்வே தேசத்து மேட்டுநிலத்தில் அள்ளிய மண்ணில் வாழ்ந்த ஒரு பூஞ்சையிலிருந்து வந்தது. டாக்ரோலிமஸ், 1984-இல் ஜப்பானின் த்சுகுபா மலையடிவாரத்து மண்ணில் கண்ட நுண்ணுயிரின் சிருஷ்டி. பசிபிக் சமுத்திரத்தின் நடுவே தனித்துக் கிடக்கும் ஈஸ்டர் தீவிலிருந்து 1960-களின் நடுவில் கொண்டுபோன மண், சுரேன் சேகல் என்ற, பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் பிறந்த விஞ்ஞானியின் விடாமுயற்சியால் சிரோலிமஸ் என்ற மருந்தைத் தந்தது. இவ்வளவும் இயற்கைதான், மனித சரீரத்தின் காவலையே கட்டிப்போடும் வலிமை அதற்கு உண்டு என்றால், அந்தக் கட்டை அவிழ்க்கும் வலிமையும் அதற்கு இருக்கலாமே.

மாதுங்கா மார்க்கெட்டில் வாங்கி, உரித்து, சுளை சுளையாகப் பிரியத்தோடு நீட்டப்படும் பம்பளிமாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். டாக்ரோலிமஸைச் சிதைத்து வெளியேற்ற வேண்டிய என்சைமைக் குடலில் அது முடக்கிவிடுவதால், வழக்கமான மாத்திரையே அதிக மாத்திரை ஆகிவிடுகிறது. இதற்கு நேர்விரோதமானது க்ஷயரோகத்துக்குத் தரும் ரிஃபாம்பிசின். அது அதே என்சைமைத் தூண்டிவிட்டு டாக்ரோலிமஸை இரத்தத்திலிருந்து விரைவாக விரட்டிவிடும். க்ஷயம் குறையாத தாராவி போன்ற நெருக்கமான குடியிருப்புகளில், க்ஷய மருந்து தரும் வைத்தியருக்கும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை வைத்தியருக்கும் ஒருவர் எழுதிய சீட்டை மற்றவர் பார்க்கும்படி காட்டுவதைவிட அவசரமான காரியம் வேறில்லை. ஆனால் ரிஃபாம்பிசினுக்குச் சீட்டாவது இருக்கிறது. கஷாயத்துக்குச் சீட்டு ஏது? "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று வைத்தியர் கேட்டால் நோயாளி மனமாரவே "இல்லை" என்று பதில் சொல்லிவிடுகிறார், பெரியம்மா கொடுத்தது அவர் கணக்கில் மருந்தே அல்ல. எண் ஏன் ஏறியது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஏன் கூடியது என்று தெரியாமல் வைத்தியர் மாத்திரையின் அளவை ஏற்றியும் இறக்கியும் பார்த்துக்கொண்டிருக்க, வீட்டில் கஷாயம் கொதித்துக்கொண்டிருக்கிறது.

பெரியம்மாவைத் திருத்துவது சாத்தியமென்று எனக்குத் தோன்றவில்லை. அவரிடம் குற்றமும் இல்லை. எதிர்ப்புச் சக்தியைப் பெருக்குவதாகச் சொல்லி விற்கப்படும் ஒவ்வொரு புட்டியின் மேலும் பொட்டலத்தின் மேலும், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள் தம் வைத்தியரைக் கேளாமல் இதை அருந்தலாகாது என்ற ஒரு வரியைத் தமிழிலும் மராத்தியிலும் ஹிந்தியிலும், விலை அச்சிடும் அளவு எழுத்திலாவது, அச்சிடும்படி சட்டம் செய்யலாம். மழைக்காலந்தோறும் இலவசமாக மூலிகைக் குடிநீர் வழங்கும் சங்கங்களும் கோயில்களும், தம்ளரை நீட்டுவதற்கு முன் வருபவரிடம் உறுப்பு மாற்றிக்கொண்டவரா என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம்.