நஷ்டம் யார் கணக்கில்?

பி.காம். படித்தவர்களுக்கு 'கார்னர் எதிர் மர்ரே' வழக்கு ஞாபகம் இருக்கும். (அரியர்ஸ் வைத்தவர்களுக்கு இன்னும் நன்றாகவே!) கூட்டு வியாபாரம் கலைகிறது. பங்குதாரர்களில் ஒருவர் திவால். அவர் தரவேண்டிய பாக்கியை யார் சுமப்பது? திவாலாகாத மற்ற பங்குதாரர்கள்தான் என்று 1903-ல் இங்கிலாந்து கோர்ட் ஒன்று சொல்லிவிட்டது.

சரி, எல்லாப் பங்குதாரர்களுமே திவால் என்றால்? என் புரொபசர் அதற்குப் பதில் சொல்லவில்லை. போன வருஷம், ஒரு குடும்ப நல நீதிமன்றத்தில், ஏழு வயசுப் பையன் ஒருவன் சொன்னான்.

அவன் என் நண்பனின் மகன். நண்பன் விவாகரத்து கேஸில் இருக்கிறான். (பெயர் வேண்டாம். எனக்கு இரண்டாயிரம் ரூபாய் தரவேண்டும், கோபித்துக்கொண்டால் வராது.) சனிக்கிழமைகளில் கோர்ட்டில் வைத்துப் பையனைப் பார்க்க அனுமதி. "தனியா போனா சண்டை வந்துடும்டா. துணைக்கு வா" என்றான்.

நான் போனால் சண்டை வராதாமா! அவன் மனைவிக்குப் போய்க்கொண்டிருந்த வாட்ஸ்அப் பதில்களை எழுதிக் கொடுத்ததே நான்தான். பத்திரிகையில் எழுதுகிறவன் ஆச்சே, ஒவ்வொன்றும் ஊசி. அந்தப் பக்கமும் யாரோ ஒரு சித்தப்பா எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பதில்கள் கடப்பாரை சைஸில் வந்தன.

விளையாட்டுச் சாமான்கள் போட்ட ஓர் அறை. பையன், சக்கரம் இல்லாத கார் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தான். நண்பன் தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரம், குழந்தையைக் கண்டால் நம் ஊரில் எல்லோரும் கேட்கும் அதே கேள்வியை நானும் கேட்டேன்.

"உனக்கு அப்பாவைப் பிடிக்குமா, அம்மாவைப் பிடிக்குமா?"

பையன் கதவைப் பார்த்தான். அப்புறம் ரகசியக் குரலில், "இங்க அப்பா. வீட்ல அம்மா" என்றான்.

சிரித்துவிட்டேன். என் பின்னால் நின்ற அம்மாள் சிரிக்கவில்லை.

அவர் கவுன்சிலர். உடனே தெருவிளக்கு, குப்பைத் தொட்டி என்று போகாதீர்கள். இது வேறு கவுன்சிலர். விவாகரத்து வழக்கு வந்தால், முடிந்தவரை முதலில் சமரசத்துக்கு முயற்சி செய் என்று 1984-ம் வருஷத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டம் நீதிபதிக்கே சொல்கிறது. அந்த வேலையில் கைகொடுப்பவர்கள் இவர்கள்.

"தம்பி, நீங்க ஜட்ஜா?"

"இல்லீங்க மேடம், பி.காம்."

"அப்ப எதுக்கு விசாரணை? யோசிச்சுச் சொல்ற வயசா இருந்தா குழந்தையோட விருப்பத்தையும் பார்க்கலாம்னு 1890-லயே சட்டம் இருக்கு. அதை ஜட்ஜ் கேட்பார், பக்குவமா. போறவங்க வர்றவங்க எல்லாம் கேட்கக் கூடாது. அவன் கதவைப் பார்த்தானே, கவனிச்சீங்களா? யார் காதுல விழும்னு பார்த்துட்டுத்தான் பதிலே சொல்றான்."

எனக்குச் சுருக்கென்றது. கடை முதலாளி இரண்டு செட் கணக்குப் புத்தகம் வைத்திருந்து பார்த்திருக்கிறேன். ஏழு வயசில் வைத்திருந்து பார்த்ததில்லை. எல்லாப் பங்குதாரர்களும் திவாலானால் பாக்கி யார் தலையில் விழும் என்று அப்போது புரிந்தது. முதலே போடாத மூன்றாவது ஆள் தலையில்.

"எல்லாரையும் சேர்த்து வைக்கிறதுதான் உங்க வேலையா மேடம்?"

"முடிஞ்சா சேர்த்து வைப்போம். முடியலைன்னா, சண்டைக்கும் குழந்தைக்கும் நடுவுல ஒரு சுவர் கட்டுவோம். இந்த வேலையில பெரிய ஆபத்து என்ன தெரியுமா? முதல்ல வந்து அழறவங்க பக்கம் சாய்ஞ்சிடறது. நானே சாய்ஞ்சிருக்கேன். இப்ப ரெண்டு பேரையும் தனித்தனியா, ஒரே அளவு நேரம் கேட்கிறேன். ஆனா அடி, மிரட்டல் இருக்கிற வீடுன்னா கதை வேற. அங்கே சமரசப் பேச்சு கிடையாது, முதல்ல பாதுகாப்பு." அதற்கென்று 2005-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

நண்பன் பாட்டிலோடு வந்தான். அவனுக்கும் பாடம் நடந்தது. பையன் தபால்காரன் இல்லை, அவன் மூலம் சேதி அனுப்பக் கூடாது. அவன் சி.ஐ.டி.யும் இல்லை, 'அந்த வீட்டுக்கு யார் வந்தாங்க?' என்று துருவக் கூடாது. ஒருவரைப் பற்றி இன்னொருவர் பையன் எதிரில் முணுமுணுக்கவும் கூடாது.

பிறகு போனை வாங்கி என் படைப்பு ஒன்றைச் சத்தமாகப் படித்தார்: "'தாய்ப்பாசம் என்பது தாங்கள் டிக்கெட் போட்டு நடத்தும் நாடகமா?' ம்... நல்லா எழுதியிருக்காங்களே, யாரு?"

நண்பன் என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அதற்குப் பதில் அவர் சொன்ன வாசகம் இது: 'சனி காலை 10 மணிக்கு வருகிறேன். இருமல் மருந்தைப் பையில் வைக்கவும்.'

"அவ்வளவுதான். குழந்தை விஷயம் மட்டும், ரெண்டே வரி. கோபம் வந்தா நாளைக்கு அனுப்புங்க."

என் எழுத்து வாழ்க்கையில் இவ்வளவு கடுமையான எடிட்டரைப் பார்த்ததில்லை.

2022-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், குழந்தையைப் பார்க்க வரும் பிரிந்த துணையை விருந்தாளி மாதிரி உபசரிக்க வேண்டும், 'அதிதி தேவோ பவ' என்றார். சேர்ந்து வாழும் வீடுகளிலேயே இரண்டாவது காபி கேட்டால் முறைக்கிறார்கள். பிரிந்தவர்கள் கொடுப்பது சிரமம்தான். ஆனால் அந்த காபி வந்தவருக்காக இல்லை, ஓரமாக நின்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும் குழந்தைக்காக.

இரண்டு வரிச் செய்திகளுக்குக் கடப்பாரை பதில்கள் மெல்ல நின்றன. கேஸ் இன்னும் முடியவில்லை. ஆனால் இருவரும் ஒத்துக்கொண்டு, கோர்ட் அனுமதியோடு, இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்கூல் வாசலிலிருந்தே பையனை நண்பன் கூட்டிப் போகிறான். அப்பாவும் அம்மாவும் நேருக்கு நேர் முறைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

போன வாரம் நானும் போயிருந்தேன். டிபன் சாப்பிட ஓட்டலில் உட்கார்ந்தோம். நாக்கு நுனி வரை வந்த பழைய கேள்வியை விழுங்கிவிட்டு, "இட்லி பிடிக்குமா, தோசை பிடிக்குமாடா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் மாமா!" என்றான், ஓட்டல் முழுக்கக் கேட்கும்படி.

கதவைப் பார்க்கவில்லை.